எலக்ட்ரோ இசைக்கு எந்தச் சிந்தசைசர்?

எலக்ட்ரோ இசை செய்யத் தொடங்கும் எவரையும் முதல் வாரத்திலேயே மடக்கும் கேள்வி ஒன்று உண்டு. மென்பொருள் சிந்தசைசர்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. எல்லாம் ஓடுவது ஒரே மடிக்கணினியில். எல்லாம் செய்வது கூட்டலும் பெருக்கலும். கடைசியில் வெளியே வருவதும் வெறும் எண்களின் வரிசை. அப்படியானால் ஒன்றை இலவசமாகக் கொடுப்பதும் இன்னொன்றை இருநூறு வெள்ளிக்கு மேல் விற்பதும் எப்படி? ஒரே சுரத்தை இரண்டிலும் அழுத்தினால் ஒன்று சதைப்பிடிப்போடும் மற்றது சோகையாகவும் கேட்பது ஏன்?

தேக்கா சந்தையிலிருந்து ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் சற்று நடந்தால் சிம் லிம் ஸ்குவேர் வந்துவிடும். மடிக்கணினி, ஹெட்போன் போன்ற மின்னணுச் சாமான்களை அங்கே கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். மென்பொருள் சிந்தசைசரை அப்படி எடுத்துப் பார்க்க வழியில்லை. அதன் முன்முகமே திரையில் வரைந்த படம். ஆகவே படத்தைப் பார்த்தும் பெயரைக் கேட்டும் வாங்குவது வழக்கமாகிவிட்டது. பார்க்க வேண்டியது, அந்த மென்பொருளுக்குள் ஒலி எந்த வழியில் பிறக்கிறது என்பதைத்தான்.

எலக்ட்ரோ என்று இங்கே குறிப்பது 1982இல் நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' பாட்டோடு பரவிய வகையை. மின்னணுத் தாளக் கருவியின் உடைந்த நடை, அடியில் ஊரும் பேஸ், மேலே இயந்திரத்தனமான மெல்லிய மெட்டு. டிஸ்கோவில் போல அடிக்கு அடி பெருமுரசு விழாது. இடம் மாறி மாறி விழும்.

சிங்கப்பூரில் வாங்கிய பெட்டிகள்

அதே 1982இல் பம்பாயில் எச்எம்வி ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. வாசித்தவர் சரண்ஜித் சிங். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்து வந்தவர். தட்டின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. பைரவ், லலித், பூபாளி, தோடி, யமன் எனப் பத்து இந்துஸ்தானி ராகங்கள், தபலா இல்லாமல், ஓயாத மின்னணுத் தாளத்தின் மேல். தட்டு விற்கவில்லை. 2010இல் நெதர்லாந்துச் சேகரிப்பாளர் ஒருவரின் முயற்சியில் மறுபதிப்பு வந்தபோது மேற்குலக நடன இசை ரசிகர்கள் திகைத்துப்போனார்கள். சிகாகோவில் 1987இல் ஃப்யூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' தொடங்கிவைத்ததாக அவர்கள் நம்பியிருந்த ஒலி, ஐந்தாண்டு முன்பே பம்பாயில் பதிவாகியிருந்தது.

சரண்ஜித் சிங் அதற்குப் பயன்படுத்தியவை, சிங்கப்பூரில் வாங்கிய ஜப்பானிய ரோலண்ட் கருவிகள். தாளத்துக்கு டிஆர்-808, பேஸுக்கு டிபி-303, ராக ஆலாபனைக்கு ஜூப்பிட்டர்-8. இவற்றில் டிபி-303இன் கதை வேடிக்கையானது. 1981இல் தடாவோ கிகுமோட்டோ வடிவமைத்த அந்தச் சிறு வெள்ளிநிறப் பெட்டி, தனியே பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குப் பேஸ் துணை தருவதற்காகச் செய்யப்பட்டது. பேஸ் கிட்டார்போல அது ஒலிக்கவே இல்லை. ஏறக்குறைய 10,000 கருவிகள் செய்தபின் 1984இல் உற்பத்தி நின்றது. பழைய சாமான் கடைகளுக்குப் போனவற்றைச் சிகாகோ இளைஞர்கள் மலிவாக வாங்கினார்கள். மற்றது வரலாறு.

ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி அந்தப் பெட்டியில் இருந்தது. ராகம் வாசிக்கிறவருக்கு அது போதுமான காரணம். மூன்று வேலை, மூன்று கருவி, ஒவ்வொன்றும் அதனதன் வேலைக்கு ஏற்ற ஒலிப்பிறப்பு. நூற்றுக்கணக்கான மென்பொருள்களுக்கு நடுவே நிற்கிறவருக்கு இந்தப் பிரிவினையைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது அரிது.

கணினிக்குள் புகுந்த கதை

பெட்டியாக இருந்த சிந்தசைசர் கணினிக்குள் நுழைந்ததிலும் சிங்கப்பூருக்குப் பங்கு உண்டு. 1981இல் சிம் வோங் ஹூ தம் நண்பர் இங் கய் வாவோடு சைனாடவுனின் பெர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறு கடையாகத் தொடங்கியது கிரியேட்டிவ் டெக்னாலஜி. 1989இல் அந்நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டை உலகெங்கும் தனிக்கணினிகளுக்குக் குரல் கொடுத்தது. அதற்குள் இருந்த யமஹாவின் சில்லு ஒரே நேரத்தில் ஒன்பது சுரங்களை எழுப்பும் ஒரு முழுச் சிந்தசைசர். 1992இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனமான கிரியேட்டிவ், அடுத்த ஆண்டே ஈமு என்ற அமெரிக்கச் சிந்தசைசர் நிறுவனத்தை வாங்கியது. அதன் சில்லோடு 1994இல் வந்த ஏடபிள்யூஇ32 அட்டையில் பியானோவும் வயலினும் பதிவு செய்த மாதிரிகளாகவே ஒலித்தன.

ஆனால் சில்லு என்பது ஆலையிலிருந்து வெளியேறிய நாளில் எதைச் செய்யக் கற்றிருந்ததோ அதை மட்டுமே செய்யும். கணினியின் மையச் செயலி வேகம் பிடித்ததும், தனிச் சில்லு செய்த கணக்கை அதுவே செய்யத் தொடங்கியது. 1997இல் சுவீடனின் புரொப்பெல்லர்ஹெட் நிறுவனம் வெளியிட்ட ரீபர்த், இரண்டு டிபி-303களையும் ஒரு 808ஐயும் கணினித் திரையில் கொண்டுவந்தது. ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் வேறு நிறுவனங்களின் நிரல்களைச் செருகுவதற்கு 1996இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் வகுத்த விஎஸ்டி முறை, 1999 முதல் இசைக்கருவிகளையும் ஏற்றது. இன்று விற்கும் மென்பொருள் சிந்தசைசர்களில் பெரும்பாலானவை அப்படிச் செருகப்படும் நிரல்களே.

ஒலி பிறக்கும் வழிகள்

எலக்ட்ரோவுக்கு வேண்டிய ஒலிகள் பெரும்பாலும் மூன்று வழிகளில் பிறக்கின்றன.

முதலாவது கழித்தல் முறை. எல்லா மேற்சுரங்களும் நிறைந்த ஓர் அலையை முதலில் எழுப்பி, வேண்டாதவற்றை வடிகட்டி நீக்கிவிடுவது. மேற்சுரம் என்பது, ஒரு சுரம் ஒலிக்கும்போது அதனோடு சேர்ந்து இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களில் எழும் மெல்லிய ஒலிகள். ஜூப்பிட்டர்-8உம் டிபி-303உம் இந்த முறையைச் சேர்ந்தவை. எலக்ட்ரோவின் பேஸ் வரிகளில் பெரும்பகுதி இதில்தான் பிறக்கிறது.

இரண்டாவது அதிர்வெண் பண்பேற்றம். ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையைக் கொண்டு மிக வேகமாக ஆட்டினால் புதிய மேற்சுரங்கள் கிளம்பும். 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவுனிங் கண்டுபிடித்தது இது. உரிமத்தை வாங்கிய யமஹா 1983இல் டிஎக்ஸ்7 கருவியைக் கொண்டுவந்தது. சவுண்ட் பிளாஸ்டரின் சில்லும் இதன் எளிய வடிவமே. மணி, வெண்கலம், கண்ணாடி ஒலிகளுக்கும், தெறித்து விழும் குட்டையான பேஸுக்கும் இது நல்லது. இரண்டு அலைகளின் அதிர்வெண் விகிதம் முழு எண்ணாக இருந்தால் ஒலி இசைவாகவும், இல்லாவிட்டால் உலோகத் தட்டலாகவும் கேட்கும். கையால் திருகிக் கண்டுபிடிப்பது கடினம். கோவில் மணி ஒன்றைச் செய்ய நினைத்தவருக்குத் தகர டப்பா கிடைப்பது சாதாரணம்.

மூன்றாவது அலையட்டவணை. ஒரே அலையை வைத்துக்கொண்டு வடிகட்டாமல், பல அலை வடிவங்களை வரிசையாக அடுக்கி வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உருமாறிச் செல்வது. 1980களின் தொடக்கத்தில் வோல்ஃப்காங் பாம் உருவாக்கிய பிபிஜி கருவிகளில் பிரபலமான முறை. இன்றைய உறுமும், அரற்றும் ஒலிகளில் பலவும் இதன் பிள்ளைகள். பதிவு செய்த மாதிரிகளை வாசிக்கும் நான்காம் முறையும் உண்டு. தம்புரா, உறுமி போன்றவற்றைப் பாட்டில் சேர்க்க அது தேவைப்படும். ஆனால் அங்கே ஒலி பிறப்பதில்லை, திரும்ப வருகிறது.

மோகனத்தில் ஒரு பேஸ் வரி

முறைகளின் பெயரைத் தெரிந்துகொள்வதால் காது பழகிவிடாது. ஒரே ஒரு வரியை எடுத்து, அது உருவாகும் விதத்தைப் படிப்படியாகப் பார்ப்பதே பயன் தரும். வரி மோகன ராகத்தில் இருக்கட்டும். இந்துஸ்தானியில் அதுவே பூபாளி, சரண்ஜித் சிங் பதிவு செய்த பத்தில் ஒன்று. ஐந்தே சுரங்கள் என்பதால் கணக்கும் எளிது.

ச ச , க | , ப ச , | த ப , க | ரி , ச ,

பதினாறு கட்டங்கள். காற்புள்ளி உள்ள இடத்தில் முன்சுரம் நீள்கிறது. வேகம் நிமிடத்துக்கு 128 அடி என்றால் ஓர் அடிக்கு 469 மில்லிவினாடி, ஒரு கட்டத்துக்கு 117 மில்லிவினாடி. முழுச் சுற்றும் 1.875 வினாடியில் முடிந்து மீண்டும் தொடங்கும். ஆதார ஷட்ஜம் 55 ஹெர்ட்ஸ். பெரும்பாலான மனிதக் குரல்கள் எட்டாத ஆழம்.

முதல் படி, அலை. ரம்பப் பல் வடிவ அலையைத் தேர்ந்தால் 55, 110, 165, 220 என எல்லா மேற்சுரங்களும் கிடைக்கும். இரண்டாவது முதலாவதில் பாதி வலிமை, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே போகும். சதுர அலையானால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும்: 55, 165, 275. ரம்ப அலை கூச்சலாக, சதுர அலை உள்ளீடற்றுக் கேட்கும். டிபி-303இல் இருந்தவை இந்த இரண்டு மட்டுமே.

அடுத்தது வடிகட்டி. குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலுள்ளதை அது அமுக்கிவிடும். அந்த எல்லைக்கு வெட்டுப்புள்ளி என்று பெயர். வெட்டுப்புள்ளியை 400 ஹெர்ட்ஸில் வைத்தால் 385இல் உள்ள ஏழாவது மேற்சுரம் வரை கடந்துவரும். ஒலி மந்தமாக, வட்டமாக இருக்கும். 1,650க்கு உயர்த்தினால் முப்பது மேற்சுரங்கள் வரும், பல்லைக் காட்டும்.

இனி வருவதுதான் எலக்ட்ரோவின் உயிர்: ஒத்ததிர்வு. வடிகட்டியிலிருந்து வெளிவருவதில் ஒரு பகுதியை மீண்டும் அதற்குள்ளேயே திருப்பிவிட்டால், வெட்டுப்புள்ளியை ஒட்டியிருக்கும் மேற்சுரம் மட்டும் மற்றவற்றை மீறி எழும். வெட்டுப்புள்ளி 385இல் நின்றால் ஏழாவது மேற்சுரம் பாடும். மெல்ல மேலே நகர்த்தினால் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது என வரிசையாக ஒவ்வொன்றும் முன்வந்து பாடிவிட்டுப் பின்வாங்கும். அடிச்சுரம் அசையவே இல்லை. அதன் மேல் ஒரு மெட்டு ஏறி இறங்குகிறது.

தம்புராவைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல. அகன்ற குதிரையின் மேல் கம்பிக்கு அடியில் வைக்கும் நூலிழை, கம்பியின் ஒவ்வோர் அதிர்விலும் அதன் தொடுமுனையை நகர்த்துகிறது. மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளர்ந்து அடங்குகின்றன. ஒரு மேற்சுரத்தின் கணுவில் கம்பியை மீட்டினால் அந்த மேற்சுரம் எழக்கூடாது என்பது ஐரோப்பிய இயற்பியலின் பழைய விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று சி. வி. ராமன் 1921இலேயே எழுதினார். நூலிழை செய்வதைச் சிந்தசைசரில் ஒத்ததிர்வு செய்கிறது என்பது மிகையில்லை. ராகத்தோடு இந்த ஒலி இயல்பாக ஒட்டிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒவ்வொரு சுரமும் எழுந்து அடங்கும் போக்கை வரையறுக்கும் பகுதிக்கு ஒலிப்பதிவுக் கூடங்களில் என்வலப் என்று பெயர். அதைக் கொண்டு வெட்டுப்புள்ளியை 1,650இல் தொடங்கி ஒரு கட்ட நேரத்துக்குள் 385க்கு விழவைத்தால், ஒவ்வொரு சுரமும் வாயைத் திறந்து மூடும். கீழே விழும் வேகத்தைக் கூட்டினால் துள்ளல், குறைத்தால் அழுகை. இந்த ஒரு திருகைத் தாளத்தோடு திருகிக்கொண்டே இருப்பதுதான் எலக்ட்ரோ கலைஞரின் வாசிப்பு.

வழுக்கு, கமகம், சுருதி

வரியில் காந்தாரம் ஒரு கட்டம் நீண்டு பஞ்சமத்துக்குப் போகிறது. அந்த இடத்தில் குதிக்காமல் வழுக்கிச் செல்ல வேண்டும். டிபி-303 இதற்கு ஏறக்குறைய 60 மில்லிவினாடி எடுத்துக்கொண்டது. அதாவது ஒரு கட்டத்தில் பாதி. எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்குப் போனாலும் அதே நேரம்தான். வழுக்கும்போது என்வலப் மறுபடி தொடங்காது. ஒரே மூச்சில் இரண்டு சுரமும் வரும். உறுமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது ஒலி முனகி மேலேறுகிறதே, அந்த இழுப்பு இங்கே பேஸில் கிடைக்கிறது.

மென்பொருளைத் தேர்வதில் பலர் தவறவிடும் இடம் இது. சிலவற்றில் வழுக்கு வசதி எல்லாச் சுரங்களுக்கும் பொதுவாகவே இருக்கும். போட்டால் வரி முழுக்கக் குழைந்துவிடும். இரண்டு சுரங்கள் ஒன்றையொன்று தொட்டு எழுதப்பட்ட இடத்தில் மட்டும் வழுக்குகிறதா, வழுக்கும் நேரம் இடைவெளியைப் பொறுத்து மாறுகிறதா, மாறாமல் நிற்கிறதா என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சோதித்துவிட வேண்டும்.

கமகத்துக்கு வழுக்கு மட்டும் போதாது. தோடியின் காந்தாரத்தை அசைக்க, சுரத்தை வளைக்கும் சக்கரம் வேண்டும். அதன் வீச்சு பெரும்பாலான மென்பொருள்களில் இரண்டு அரைச்சுரங்களாகவே வைக்கப்பட்டிருக்கும்; அதைப் பன்னிரண்டாக உயர்த்திக்கொள்ளலாம். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகச் சுரத்தை வளைக்க இடம்தரும் எம்பிஇ என்ற முறை 2018இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. 'டெல்லி-6' படத்தில் ஏ. ஆர். ரகுமான் பயன்படுத்திய கான்டினுவம் போன்ற தொடுபரப்புக் கருவிகளின் முழுப் பயனும், இப்படி விரலுக்கு விரல் வளைவை ஏற்கும் சிந்தசைசரில்தான் கிடைக்கும்.

சுருதி இன்னும் நுட்பமானது. மோகனத்தின் காந்தாரம் ஷட்ஜத்துக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் நின்றால் 68.75 ஹெர்ட்ஸ். சிந்தசைசரின் விசைப்பலகை பன்னிரண்டு சமபாகமாகப் பிரிக்கப்பட்டது. அங்கே அதே காந்தாரம் 69.30. அரை ஹெர்ட்ஸ் வித்தியாசம் ஒன்றுமில்லை என்று தோன்றும். பாட்டின் பின்னணியில் தம்புரா ஒலிக்கிறது என்று வைத்துக்கொண்டால் நிலைமை மாறும். ஷட்ஜத்தின் ஐந்தாவது மேற்சுரம் 275 ஹெர்ட்ஸ். விகிதப்படி நின்ற காந்தாரத்தின் நான்காவது மேற்சுரமும் மிகச் சரியாக 275. இரண்டும் ஒன்றில் ஒன்று கரையும். சமபாகக் காந்தாரத்தின் நான்காவது மேற்சுரமோ 277.2. இரண்டும் மோதி, வினாடிக்கு இரண்டு முறைக்குச் சற்று மேலாக ஒலி பொங்கிப் பொங்கி அடங்கும். ஒத்ததிர்வு அந்த மேற்சுரத்தைத் தூக்கிக் காட்டும்போது மோதலும் பெரிதாகும். பிழை வாசிப்பவருடையதல்ல, விசைப்பலகையுடையது. சுருதி அட்டவணையைக் கோப்பாக ஏற்றிக்கொள்ளும் மென்பொருளில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். பின்னால் பார்க்கப்போகும் செர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், திவா மூன்றிலும் அந்த வசதி உண்டு.

ஒரே திட்டம், வேறு ஒலி

மேலே சொன்ன படிகள் எல்லாக் கழித்தல் முறைச் சிந்தசைசருக்கும் பொது. பிறகு ஏன் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன? பதில் இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, வடிகட்டிக்குள் திரும்பிப் போகும் ஒலி. மின்சுற்றில் அது அந்தக் கணமே திரும்பிவிடும். கணினியோ வினாடியை 44,100 துண்டுகளாக வெட்டிக் கணக்கிடுகிறது. ஒரு துண்டின் விடை தெரியாமல் அதை உள்ளே திருப்ப முடியாது. எளிய வழி, முந்தைய துண்டின் விடையைத் திருப்புவது. தாமதம் 23 மைக்ரோவினாடிதான். ஆனால் வெட்டுப்புள்ளி உயர உயர, அந்தச் சிறு தாமதமே ஒத்ததிர்வை இடம் மாற்றி ஒலியைச் சோகையாக்கிவிடும். முந்தைய விடையை நம்பாமல் ஒவ்வொரு துண்டிலும் சமன்பாட்டை முழுதாகத் தீர்ப்பது மாற்று வழி. பெர்லினின் யூஹீ நிறுவனம் செய்த திவா அந்தப் பாதையில் போனது. துல்லியத்துக்கு அதில் நான்கு நிலைகள் இருக்கின்றன. மிக உயர்ந்த நிலைக்கு 'டிவைன்' என்று பெயர். பழைய மடிக்கணினிகளை அது மூச்சுத் திணறவைக்கும். இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுப்பவர் வாங்குவது இந்தக் கணக்கைத்தான்.

மற்றது மடிந்த ஒலி. 44,100 துண்டுகளில் 22,050 ஹெர்ட்ஸ் வரைதான் எழுத முடியும். அதற்கு மேல் எழும் மேற்சுரங்கள் காணாமல் போவதில்லை. எல்லையில் மோதி மடிந்து கீழே திரும்புகின்றன. 3,000 ஹெர்ட்ஸ் ரம்ப அலையின் பத்தாவது மேற்சுரம் 30,000. அது 14,100இல் வந்து விழும். பதினான்காவது மேற்சுரமான 42,000 வந்து விழுவது 2,100இல், வாசித்த சுரத்துக்கும் கீழே. எந்த ராகத்திலும் சேராத குப்பை அது. நல்ல நிரலாளர்கள் அலையை உருவாக்கும்போதே இதைத் தடுத்துவிடுகிறார்கள். சோதிப்பது சுலபம்: ரம்ப அலையை விசைப்பலகையின் உச்சிவரை வழுக்கிக்கொண்டு போனால், சுரம் மேலேறும்போது அடியில் ஏதாவது கீழிறங்குவது கேட்கக் கூடாது. கேட்டால் அந்த மென்பொருளை மூடிவிடலாம்.

வீவக அறைக்குள்

சிங்கப்பூரில் பலரின் ஒலிப்பதிவுக் கூடம் வீவக வீட்டின் ஒரு படுக்கையறை. சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார். 55 ஹெர்ட்ஸ் பேஸ் கான்கிரீட்டை எளிதில் கடந்து செல்லும். அதனால் வேலை ஹெட்போனில்தான் நடக்கும். அதில் ஒரு பொறி உண்டு. ஹெட்போனில் ஆழமாகக் கேட்ட பேஸ், பாட்டை எம்ஆர்டியில் கைப்பேசி ஒலிபெருக்கியில் போட்டதும் மறைந்துவிடும். அவ்வளவு சிறிய ஒலிபெருக்கியால் 55 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது. ஆனால் 220, 275, 330 என்ற மேற்சுரங்கள் கேட்டால் போதும், அவற்றுக்கு இடையிலுள்ள 55 என்ற சம இடைவெளியிலிருந்து மூளையே அடிச்சுரத்தைக் கற்பித்துக்கொள்ளும். ஆகவே பேஸுக்கு எடுக்கும் சிந்தசைசரில் ஒலியைச் சற்று முறுக்கி மேற்சுரங்களை வளர்க்கும் பகுதி நன்றாக இருக்க வேண்டும்.

விசையை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதம் இன்னொரு கணக்கு. ஒலிப்பதிவு மென்பொருளில் 256 துண்டுகளை ஒரு கட்டாக அனுப்பினால் தாமதம் ஏறக்குறைய 6 மில்லிவினாடி. இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் ஒலிபெருக்கியிலிருந்து ஒலி வந்துசேரும் நேரம் அது. 1,024 துண்டுகளானால் எட்டு மீட்டர் தள்ளி நிற்பதுபோல. தாளத்தோடு வாசிக்க முடியாது. கனமான சிந்தசைசர்கள் இந்தக் கட்டைப் பெரிதாக்க வற்புறுத்தும். செயலியின் திறனும் மென்பொருளின் தேர்வில் சேர்ந்தே வருவது இதனால்.

எதை வைத்துக்கொள்வது

தாளத்தில் தொடங்கலாம். 808இன் பெருமுரசு பதிவு செய்த ஒலியல்ல. ஓர் எளிய அலை சட்டென்று எழுந்து, சுரம் சற்று இறங்கி, நீண்டு அடங்குகிறது. அதை எந்தக் கழித்தல் முறைச் சிந்தசைசரிலும் செய்துவிடலாம். தனியே வாங்க விரும்புவோருக்கு 808ஐயும் 303ஐயும் ரோலண்ட் நிறுவனமே மென்பொருளாக விற்கிறது.

பேஸுக்கும் மெட்டுக்கும் முதலில் எடுக்க வேண்டியது செர்ஜ் எக்ஸ்டி. கிளேஸ் யோஹான்சன் விற்றுவந்த இந்த மென்பொருளின் மூலநிரல் 2018இல் பொதுவில் வைக்கப்பட்டது. தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். கழித்தல், பண்பேற்றம், அலையட்டவணை மூன்றும் ஒரே இடத்தில், இலவசமாக. சுருதி அட்டவணையும் எம்பிஇயும் உண்டு. முகப்பு நெரிசலானது, கற்க நாளாகும். 2020இல் மேட் டைடல் வெளியிட்ட வைட்டல் கண்ணுக்கு எளியது. அலை உருமாறுவதைத் திரையிலேயே காட்டும். இலவசப் பதிப்பே போதும். அலையட்டவணையைப் புரிந்துகொள்ள அதுவே நல்ல ஆசிரியர். 2014இல் ஸ்டீவ் டூடா கொண்டுவந்த சீரம் இத்துறையில் பெரும்புகழ் பெற்றது. வைட்டலில் கை பழகியவருக்கு அது உடனே தேவைப்படாது. பண்பேற்றத்துக்கு டிஎக்ஸ்7இன் வழியில் அமைந்த டெக்ஸ்டு என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆயத்த ஒலிகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அதற்குள் நுழைய முடியும்.

ஆயத்த ஒலிகளின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவதுதான் இத்துறையில் மிகப் பொதுவான வீண்செலவு. ஆயிரம் ஒலிகள் என்பது ஆயிரம் பேர் ஏற்கெனவே பயன்படுத்திய ஒலிகள். வெளிநாட்டு நிறுவனங்களிடம் இணையத்தில் வாங்கும் மென்பொருளுக்கும் 2020 ஜனவரி முதல் சிங்கப்பூரில் பொருள் சேவை வரி பொருந்துகிறது. 2024 முதல் அது 9 விழுக்காடு. விலையைப் பார்க்கும்போது அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மோகன வரியைச் செர்ஜ் எக்ஸ்டியில் அமைத்து, வெட்டுப்புள்ளியை உச்சிக்கு ஏற்றி, ஒத்ததிர்வை முக்கால்வாசி திறந்து கேட்டுப் பார்க்கலாம். அதே வரியைத் திவாவின் சோதனைப் பதிப்பிலும் அதே அளவுகளில் வாசித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடலாம். வித்தியாசம் காதுக்குத் தெரிந்து, பாட்டுக்கும் அது தேவை என்றால் வாங்கலாம். தெரியாவிட்டால் அந்த இருநூறு வெள்ளியை நல்ல ஹெட்போனில் போடுவதே சரி.